பெயரை மட்டும் இப்போது கேட்காதீர்கள்

"அத்தை, பேரு என்ன வச்சீங்க?"

அண்ணன் மகள் மூன்று மாதமாகப் போனில் இதே கேள்வியைத்தான் கேட்கிறாள். பதினொரு வயது. ஆழ்கடல் சிலந்தி ஒன்றை அத்தை புதிய சிற்றினம் என்று விவரித்து எழுதி அனுப்பியிருக்கிறாள் என்பது வரை அவளுக்குத் தெரியும். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. அதுவரை பெயரை வெளியே விடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பழக்கம். விலங்கின் விவரிப்பு இல்லாமல் பெயர் மட்டும் முந்திக்கொண்டு அச்சேறிவிட்டால் அதற்கு 'நோமன் நூடம்' என்று பெயர். லத்தீனில் 'அம்மணப் பெயர்' என்று பொருள். இதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் போன் கைமாறி அண்ணி வந்து "என்ன சொன்னே அவகிட்ட?" என்று கேட்டாள்.

வலைப்பதிவில் எழுதுவது விதிப்படி வெளியீட்டுக் கணக்கிலேயே வராது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லது. பெயரைத் தவிர மற்றதை எழுதுகிறேன்.

இதைக் கண்டுபிடித்தது நான் என்று சொல்ல எனக்குக் கூச்சம். நான் கடலுக்கே போகவில்லை. 2,300 மீட்டர் ஆழத்தில் இழுத்த வலையில் அது ஏறி, எத்தனால் ஊற்றிய பாட்டிலுக்குள் போய், ஆய்வக அலமாரியில் பல வருடம் நின்றது. உள்ளே ஒரு சீட்டு: ஆழம், தேதி, வலையின் எண், அப்புறம் 'கொலோசென்டைஸ், சிற்றினம் தெரியவில்லை' என்று பென்சிலில் யாரோ எழுதியது. கொலோசென்டைஸ் என்பது கடல் சிலந்திகளில் ஒரு பேரினம். மொத்தம் மூன்று விலங்குகள். அடியில் உதிர்ந்து கிடந்த கால்கள் வேறு. எந்தக் கால் எந்த உடலுக்குச் சொந்தம் என்று பார்ப்பதிலேயே முதல் வாரம் போனது.

கடல் சிலந்தியைப் பார்த்திராதவர்களுக்கு: ஒரு தீக்குச்சியில் கால்வாசிகூட இல்லாத உடம்பு. அதிலிருந்து எட்டுக் கால்கள், ஒவ்வொன்றும் இரண்டு தீக்குச்சிகளை நீளவாக்கில் வைத்த அளவு. முன்னால் ஒரு துதிக்கை. இந்தப் பேரினத்தில் துதிக்கை உடம்பைவிட நீளமாகக்கூட இருக்கும், அதைக் கொண்டுதான் கடல் சாமந்தி போன்ற மெத்தென்ற பிராணிகளை உறிஞ்சிக் குடிக்கிறது. வீட்டுச் சுவரில் இருக்கும் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். நூலும் கிடையாது, வலையும் கிடையாது. உலகில் இதுவரை 1,300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. கடற்கரைப் பாசியில் நகரும் சில மில்லிமீட்டர் பொடிசும் உண்டு, கால்களை விரித்தால் 70 சென்டிமீட்டர் போகும் ஆழ்கடல் ராட்சசனும் உண்டு.

"இவ்வளவு ஒல்லியா இருந்தா வயிறு எங்க இருக்கும்?" என்று கேட்டாள் மருமகள். கெட்டிக்காரி. வயிறு காலுக்குள் இருக்கிறது. உடம்பில் இடமில்லாததால் குடல் கிளை பிரிந்து ஒவ்வொரு காலுக்குள்ளும் இறங்குகிறது. பெண்ணின் முட்டைகளும் காலுக்குள்தான் வளர்கின்றன. நுண்ணோக்கியில் அடியிலிருந்து வெளிச்சம் விட்டால் தொடைப் பகுதியில் கறுப்புக் கோடாகக் குடல் தெரியும். செவுளும் இல்லை, நுரையீரலும் இல்லை, ஆக்சிஜன் தோல் வழியாகவே உள்ளே கசிகிறது. அதை உடம்பெங்கும் கொண்டுபோவதில் பெரும்பங்கு இதயத்துக்கு இல்லை, நெளிந்துகொண்டே இருக்கும் இந்தக் குடலுக்குத்தான் என்று 2017இல்தான் காட்டினார்கள்.

சரி, புதியது என்று எப்படித் தெரிந்தது?

பேரினம் பத்து நிமிட வேலை. வளர்ந்த விலங்கின் முகத்தில் கொடுக்கு இல்லை. உடல் துண்டங்கள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டிருக்கின்றன. கால் நுனியில் பெரிய நகத்துக்குப் பக்கத்தில் துணை நகங்கள் இல்லை. மூன்றும் சேர்ந்தால் கொலோசென்டைஸ். அதற்குள் எந்தச் சிற்றினம் என்பதற்கு இரண்டரை வருடம் ஆனது. 'இது புதியது' என்று நேராகக் காட்ட வழியே கிடையாது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று ஏற்கெனவே பெயர் பெற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பெயர்களில் பாதிக்குமேல் செத்துப்போனவர்கள் எழுதிய பழைய பக்கங்களில் கிடக்கின்றன. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அள்ளிவந்த கடல் சிலந்திகளை ஹூக் என்ற டச்சுக்காரர் 1881இல் விவரித்தார். அந்தப் படங்களை இன்றைக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம். அதே 1881இல் இந்தப் பேரினத்தின் ராட்சசனுக்கு 'கொலோசியா' என்று பெயர் வைத்தவர் இ. பி. வில்சன். பின்னாளில் பால் குரோமோசோம்களால் புகழ்பெற்றாரே, அவரேதான். பழ ஈக்களை வளர்த்து 1933இல் நோபல் வாங்கிய டி. எச். மார்கனும் முனைவர் பட்டத்துக்குக் கடல் சிலந்திக் கருக்களைத்தான் ஆராய்ந்தார். இரண்டு பேரும் இதை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்ப் பெரிய ஆளானார்கள் என்று என் வழிகாட்டி மேடம் அடிக்கடி சொல்வார். எனக்கு எச்சரிக்கையா, ஆலோசனையா என்று தெரியவில்லை.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். காலில் எட்டுக் கணுக்கள், கடைசியில் நகம். நுனியில் இருக்கும் டார்சஸ், ப்ரொபோடஸ் என்ற இரண்டு கணுக்களில் எது நீளம், எவ்வளவு நீளம் என்பது சிற்றினத்தைப் பிரிப்பதற்கு முக்கியமான கணக்கு. வழக்கமாக மூன்றாவது காலை அளப்பார்கள். பாட்டிலில் 'பி' என்று நான் குறித்து வைத்திருந்த விலங்குக்கு மூன்றாவது கால் இரண்டு பக்கமும் ஒடிந்திருந்தது. இரண்டாவது வலது கால் மட்டும் நகம் வரை முழுசாக, அழகாக நீட்டிக்கொண்டு கிடந்தது. கால் என்றால் கால்தானே என்று அதை அளந்தேன். டார்சஸ் குட்டை, ப்ரொபோடஸ் நீளம். ஒத்துப்போக வேண்டிய அத்தனை சிற்றினங்களிலும் இது தலைகீழ். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வாரத்தில் வரைபடம், அட்டவணை, நெருங்கிய சிற்றினங்களோடு ஒப்பீடு எல்லாம் தயார்.

மேடம் என் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. நேராக விலங்கைத் தட்டில் வைத்துப் பார்த்தார். "இந்தக் கால் மட்டும் ஏம்மா வெளுத்துப்போய் இருக்கு?"

அப்போதுதான் எனக்கும் கண்ணில் பட்டது. மற்ற கால்களைவிட அது மூன்றில் ஒரு பங்கு குட்டை. தோல் மெலிசு. தொடையில் முள் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருந்தது. எப்போதோ ஒடிந்து, திரும்ப முளைத்துக்கொண்டிருந்த கால் அது. கடல் சிலந்திகளுக்கு அந்தத் திறமை உண்டு. குட்டிப் பருவத்தில் பின் உடம்பையே வெட்டினாலும் குடல் நுனியோடு சேர்த்து மறுபடி வளர்த்துக்கொள்வதை ஒரு சிற்றினத்தில் 2023இல் பார்த்திருக்கிறார்கள். நான் புதிய சிற்றினம் என்று துள்ளியது ஒரு ஆறாத காயத்தைப் பார்த்துத்தான். 'ஏ'யிலும் 'சி'யிலும் மூன்றாவது காலை அளந்தேன். டார்சஸ்தான் நீளம், எல்லாரையும் போல.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஓவிஜரைப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓவிஜர் என்பது தலைக்கு அடியில் மடங்கி ஒளிந்திருக்கும் ஒரு ஜோடி மெல்லிய கால். பெரும்பாலான கடல் சிலந்திகளில் ஆண் இதில்தான் முட்டைகளைச் சுமக்கிறது, பிள்ளை சுமப்பது அப்பாதான். ஆனால் கொலோசென்டைஸ் ஆண் முட்டை சுமந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. அன்டார்டிக் கடலின் மெகாலோனிக்ஸ் என்ற சிற்றினம் முட்டைகளைத் தரையில் ஒட்டவைத்துவிடுகிறது என்று 2024இல்தான் தெரியவந்தது. பிறகு எதற்கு ஓவிஜர்? சீவிக்கொள்ள. கடைசி நான்கு கணுக்கள் கொக்கிபோலச் சுருண்டிருக்கும், அதன் உள்பக்கம் முழுக்க முட்கள். அந்தச் சீப்பில் கால்களை விட்டு இழுத்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

அந்தக் கொக்கியை வெட்டி, கிளிசரினில் வைத்து, மேலே கண்ணாடி மூடிப் பார்த்தேன். தட்டையாகப் படியாமல் உருண்டுகொண்டே இருந்தது. ஊசி முனையால் தள்ளித் தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்த வேண்டியிருந்தது. முட்கள் இலை வடிவம், ஓரத்தில் நுண்ணிய பல். ஆகக் கிட்டத்தில் வரும் சிற்றினத்தில் பெரிய முட்களின் வரிசைக்குப் பின்னால் சின்ன முட்கள் தாறுமாறாகப் பரவிக்கிடக்கும். இதில் இரண்டே வரிசை, கோடு கிழித்தாற்போல. 'ஏ' அப்படித்தான். 'பி' அப்படித்தான். 'சி'யின் இரண்டு ஓவிஜர்களும் அப்படித்தான். துதிக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் 'பால்ப்' என்ற உணர்நீட்சியின் கடைசி மூன்று கணுக்களின் நீள விகிதமும் மூன்று விலங்குகளிலும் ஒன்றுபோல் இருந்தது, வேறு எதோடும் பொருந்தவில்லை. கண் இருக்க வேண்டிய மேட்டில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும், கண்ணே இல்லை. ஆழ்கடலில் அது சாதாரணம், அதனால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஒரு தடவை சூடுபட்டவள்.

மரபணுவும் பார்த்தோம். காலின் தசையில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தோம். 'சி' முதலில் ஃபார்மலினில் கிடந்தது போலிருக்கிறது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின, நெருங்கிய சிற்றினத்திலிருந்து தெளிவாக விலகி நின்றன. இது மட்டும் போதுமே, முள் எண்ணுவானேன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஹூக் ஒரே சிற்றினமாகப் பெயரிட்ட மெகாலோனிக்ஸை மரபணு வழியாகப் பார்த்தபோது உள்ளே பல கிளைகள் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதில் எந்தக் கிளைக்கு அந்தப் பழைய பெயர் என்று முடிவுசெய்ய மறுபடியும் பாட்டிலுக்குள் இருக்கும் பழைய உடம்பிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

பெயருக்கு வருவோம். மருமகளுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று ஆசை. விதி தடுக்கவில்லை. பெண்ணின் பெயர் என்றால் லத்தீன் முறையில் கடைசியில் 'ஏ' சேரும், ஆணுக்கு 'ஈ'. உரிச்சொல்லாக வைத்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். கொலோசென்டைஸ் பெண்பால், அதனால்தான் அதில் ஒரு சிற்றினத்தின் பெயர் 'அங்குஸ்தா' என்று இருக்கிறது, 'அங்குஸ்தஸ்' என்று இல்லை. எழுதுகிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்வதை மட்டும் அநாகரிகம் என்பார்கள், சட்டம் எதுவும் இல்லாவிட்டாலும். நான் உடம்பைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். அவள் பெயர் இல்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போதைய என் கவலை.

ஹோலோடைப்பாக, அதாவது இந்தப் பெயர் என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை விலங்காக, 'ஏ'யைத் தேர்ந்தெடுத்தோம். 'பி'யும் 'சி'யும் பாராடைப், அதாவது கூடவே வைக்கும் துணை மாதிரிகள். போன வாரம் மூன்றையும் தனித்தனிப் பாட்டிலுக்கு மாற்றினேன். புதிய சீட்டுகளைப் பென்சிலில்தான் எழுதினேன், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பழைய சீட்டை எடுத்துப் போடக் கூடாது, அதுவும் கூடவே இருக்க வேண்டும். 'சிற்றினம் தெரியவில்லை' என்பதை 'ஏ'யின் பாட்டிலில் புதிய பெயருக்கு முதுகு காட்டியபடி செருகி மூடியைத் திருகினேன். 'பி'யின் சீட்டில் கடைசி வரியாக 'வலது இரண்டாம் கால் மறுவளர்ச்சி, அளக்க வேண்டாம்' என்று எழுதி வைத்தேன்.