சோவியத் டேப்புகளோட வேலை பார்க்கிறப்போ

பழைய மேக்னெடிக் டேப்பை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்துற வேலை எனக்கு, பெர்லின்ல. வர்றதுல பாதி குடும்ப ரெக்கார்டிங், கல்யாணம், தாத்தா பேசினது, இந்த மாதிரி. சோவியத் ரீல் வந்தா மட்டும் அது நேரா எங்க சீனியர் டேபிளுக்குப் போயிடும், ஏன்னா அவர் லெனின்கிராட்ல (இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பொறந்து வளர்ந்தவர், எண்பதுகள்ல ஸ்கூல் படிச்சவர், தடை பண்ணின ராக் மியூசிக் அந்த ஊர்ல எப்படி கைமாறிச்சுன்னு நேர்ல பார்த்தவர். அவர் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன்.

உக்ரைன்ல ஷோஸ்த்காங்கிற ஊர்ல தயாரான ஸ்வேமா கம்பெனி டேப்தான் அதிகம் வரும், சிலது மெஷின்ல மாட்டின உடனே பவுடரா உதிர ஆரம்பிச்சிடும். அதைவிடப் பெரிய தலைவலி வேகம். டேப்பை காப்பி பண்ணி, அந்த காப்பியை இன்னொருத்தர் காப்பி பண்ணின்னு போயிருக்கும், ஒவ்வொரு ரெக்கார்டரும் கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ ஓடியிருக்கும், கடைசியில பாட்டோட சுருதியே மாறிப்போயிருக்கும். இதை சரி பண்ண சீனியர் பாட்டைக் கேக்க மாட்டார், பாட்டுக்கு அடியில ஓடுற கரண்ட் ஹம்மைப் பார்ப்பார், அதாவது வீட்டு கரண்ட்டால டேப்புல பதியற மெல்லிசான ரீங்காரம். அங்க வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சத்தத்தைப் படமாக் காட்டுற ஸ்பெக்ட்ரோகிராம்ல பெருசாக்கிப் பார்த்தா 50 பக்கத்துல ஒரே கோடு இருக்காது, மூணு நாலு மெல்லிசான கோடு தள்ளித் தள்ளி இருக்கும், ஒவ்வொரு காப்பியும் தன்னோட ஹம்மை அதுல விட்டுட்டுப் போயிருக்கு. ஒரிஜினல் ரெக்கார்டிங்கோட கோடு எதுன்னு கண்டுபிடிச்சு அதை 50-க்குக் கொண்டு வந்துட்டா சுருதி திரும்பிடும்.

மத்த கோடுகளை அவர் சத்தம்னு சொல்லவே மாட்டார். ஒவ்வொண்ணும் ஒரு வீடு, யாரோ ஒருத்தர் ராத்திரி ரெண்டு ரெக்கார்டரை ஒயர் போட்டு இணைச்சு ரீல் முடியற வரைக்கும் முழிச்சிருந்திருக்காங்கன்னு சொல்வார். அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த விஷயத்துல பாடினவங்களை விட இப்படி காப்பி பண்ணின டெக்னீஷியன்கள் மேல மரியாதை அதிகமாச்சு, இன்னைக்கும் அப்படித்தான்.

தடை பண்ணின பாட்டை இப்படி காப்பி பண்றது டேப் காலத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. போர் முடிஞ்ச கையோட லெனின்கிராட்ல ருஸ்லான் போகோஸ்லோவ்ஸ்கின்னு ஒருத்தர், ஒரு கடையில இருந்த ஜெர்மன் ரெக்கார்டு வெட்டுற மெஷினைப் பார்த்து தானே ஒண்ணு செஞ்சார். நல்ல பிளாஸ்டிக் கிடைக்காது, அதனால ஆஸ்பத்திரி வேண்டாம்னு போட்ட எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமா வெட்டி, நடுவுல சிகரெட்டால ஓட்டை போட்டு, அதுல ஜாஸையும் தடை பண்ணின பாடகர்களையும் பதிஞ்சாங்க. 1950-ல அவரைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, ஸ்டாலின் செத்தப்புறம் வெளிய வந்து திரும்பவும் அதே வேலையை ஆரம்பிச்சார். அந்தத் தட்டு ஒண்ணு எங்ககிட்ட வந்திருந்தது, லைட்டுல பிடிச்சா விலா எலும்பு தெரியும். ஊசி வைக்க எனக்கு கை நடுங்கிச்சு.

ரேடியோவும் அப்படித்தான். அங்க கடையில வித்த ரேடியோவுல பொதுவா 25 மீட்டருக்குக் கீழ உள்ள ஷார்ட்வேவ் பேண்ட் இருக்காது, ஜாமிங், அதாவது வெளிநாட்டு ரேடியோ கேக்காம இருக்க அரசாங்கம் போடுற இரைச்சல், கம்மியா இருக்கிற பேண்ட் அதுதான். சீனியரோட அப்பா ஃபேக்டரியில ரேடியோ டெக்னீஷியன், வீட்டு செட்டுல காயில் மாத்திச் சுத்தி 19 மீட்டர் பேண்டைக் கொண்டு வந்திருக்கார். அதுலதான் பிபிசி ரஷ்யன் சர்வீஸ்ல சேவா நோவ்கோரொத்சேவ் போட்ட ராக் பாட்டெல்லாம் இவர் கேட்டது. பிபிசி ரஷ்யன் மேல 1980-ல திரும்ப ஆரம்பிச்ச ஜாமிங் 1987 ஜனவரியில்தான் நின்னுச்சு, அதாவது இவரோட பள்ளிக்கூட வயசுல பெரும்பகுதி.

தடையை நடத்தினதும் ஆபீஸ்ல உக்காந்திருந்த ஆளுங்கதான், அதையும் சொல்லணும். 1985 ஜனவரியில உக்ரைன்ல மிகொலாயிவ் மாவட்ட கொம்சோமோல், அதாவது கம்யூனிஸ்ட் கட்சியோட இளைஞர் அமைப்பு, 38 வெளிநாட்டுக் குழு, பாடகர்கள் பேரை டைப் அடிச்சு அனுப்பினாங்க, டிஸ்கோவுல இதெல்லாம் போடக்கூடாதுன்னு. ஒவ்வொரு பேருக்கு நேரா ஒரு குத்தம், பிளாக் சபாத்துக்கு வன்முறை, மத மூடத்தனம், டினா டர்னருக்கு செக்ஸ். உள்ளூர்க் குழுக்கள் கதை வேற. 1981 மார்ச் 7-ஆம் தேதி ரூபின்ஷ்டெய்ன் தெரு 13-ல லெனின்கிராட் ராக் கிளப் திறந்தாங்க, மேடை கிடைச்சது, ஆனா பாடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் கொடுத்து முத்திரை வாங்கணும்.

வேலையையே ஆயுதமா வெச்சிருந்தாங்கங்கிறது எனக்கு ரொம்ப உறுத்தின விஷயம். வேலைக்குப் போகாம இருக்கிறது அங்க சட்டப்படி குத்தம், கவிஞர் ப்ராட்ஸ்கிக்கு 1964-ல அஞ்சு வருஷம் தண்டனை கொடுத்தது இந்தக் குத்தத்துக்குத்தான். 1980-ல ஜார்ஜியாவோட திபிலிசியில நடந்த ராக் விழாவுல வாசிச்சதுக்காக அக்வாரியும்ங்கிற ராக் குழுவோட பாடகர் கிரெபென்ஷிகோவுக்கு வேலையும் போச்சு, கொம்சோமோல்ல இருந்தும் நீக்கினாங்க. அப்புறம் வாட்ச்மேன், துப்புரவு, பாய்லர்னு பாட்டுக்காரங்க எல்லாம் ஷிஃப்ட் வேலைக்குப் போனாங்க, ஒரு நாள் முழுக்கப் பார்த்தா அடுத்தடுத்த நாள் லீவு, பாட்டு எழுத நேரம். கினோ குழுவோட பாடகர் விக்டர் சோய் 1986-ல இருந்து கம்சாட்காங்கிற பாய்லர் ரூம்ல நிலக்கரி அள்ளிப் போட்டார், நாடு முழுக்க அவர் பாட்டு ஓடிட்டிருந்தப்போ.

ஆனா நான் மனசுல வெச்சிருக்கிற ஆள் அந்த்ரேய் த்ரோபில்லோ. அரசாங்கத்தோட சிறுவர் தொழில்நுட்ப மன்றத்துல பிள்ளைங்களுக்கு சவுண்ட் ரெக்கார்டிங் சொல்லிக் கொடுக்கிறதுதான் அவருக்குக் கொடுத்த வேலை, அதே ரூம்லதான் அக்வாரியும் குழுவோட ஆல்பங்களும் 1982-ல கினோவோட முதல் ஆல்பமும் பதிவாச்சு. ஃபோட்டோ ஒட்டின அட்டைப்பெட்டியில ரீலா வெளிய போச்சு, மீதி வேலையை காப்பி பண்ணினவங்க பார்த்துக்கிட்டாங்க.

எங்க ஃபார்ம்ல "பதிவு செய்தவர்"னு ஒரு கட்டம் இருக்கு, முந்தி சோவியத் ரீலுக்கெல்லாம் "தெரியாது"ன்னு போட்டு விட்டுடுவோம். சீனியர் சண்டை போட்டு அதுக்குக் கீழ இன்னொரு கட்டம் சேர்க்க வெச்சார், எத்தனை தலைமுறை காப்பி, ஒவ்வொண்ணும் என்ன வேகம்னு குறிக்க. கஸ்டமருக்கு ஹம் எடுத்த ஃபைல் போகும், ஆர்கைவ்ல எல்லாக் கோடுகளோடயும் ஒண்ணு இருக்கும். அவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார், இப்போ அந்தக் கட்டத்தை நிரப்புறது என் வேலை.