அம்புக்குறி விசையால் நகர்ந்த ஸ்லைடர்

எக்ஸ்ரே படங்களைத் திரையில் காட்டும் ஒரு மென்பொருளில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். சி++ மொழி; திரையின் பொத்தான், பட்டை போன்றவற்றை அமைக்க க்யூட்டி (Qt) நூலகம். படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்க அதில் ஒரு ஸ்லைடர், அதாவது நகர்த்தி மதிப்பை மாற்றும் பட்டை, இருந்தது. அதை எழுதியவன் நான்.

படம் 2048-க்கு 2048; ஏறக்குறைய 42 லட்சம் புள்ளிகள். அத்தனையையும் வடிகட்ட ஒரு விநாடிக்கு மேல் பிடித்தது. ஸ்லைடரை இழுக்க இழுக்க, மதிப்பு மாறியதை நிரலுக்குச் சொல்லும் 'வேல்யூ சேஞ்ச்டு' சிக்னல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முழு வேலையைச் செய்தால் திரை உறைந்துபோகும். அதனால் இழுக்கும்போது 512-க்கு 512 அளவில் சுருக்கிய படத்தை மட்டும் வடிகட்டி, பெரிதாக்கிக் காட்டினேன். மவுஸை விட்டதும் வரும் 'ஸ்லைடர் ரிலீஸ்டு' சிக்னலில் முழுப் படத்தையும் கணக்கிட்டேன். சோதனையில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஒரு மருத்துவமனையிலிருந்து, படம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. எங்கள் கணினிகளில் அது நிகழவே இல்லை. நேரில் போய், அங்கே வேலை செய்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மவுஸைத் தொடவில்லை. ஸ்லைடரைத் தேர்ந்தெடுத்து, அம்புக்குறி விசையை ஐந்தாறு முறை தட்டினார்.

"மணிக்கட்டு வலி, தம்பி. எனக்கு இதுதான் சௌகரியம்" என்றார். பிறகு, "முந்தாநாள் ஒருவருக்கு மறுபடியும் படம் எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. தேவையில்லாமல் ஒரு நோயாளியின் உடலில் மீண்டும் கதிர்வீச்சு பாய்ந்திருக்கும், நான் தவறான சிக்னலை நம்பியதால்.

விசையால் நகர்த்தும்போது யாரும் எதையும் பிடிப்பதில்லை, ஆகவே விடுவதும் இல்லை. 'ரிலீஸ்டு' வரவே வராது. மவுஸின் சக்கரத்தை உருட்டினாலும் அதே கதைதான். முழுப் படம் கணக்கிடப்படாமலே போக, பெரிதாக்கிய சின்னப் படத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இழுக்கும்போது 'வேல்யூ சேஞ்ச்டு' சிக்னல் வராதபடி 'டிராக்கிங்' பண்பை அணைத்துவிட்டு, அது வரும்போது முழுப் படத்தையும் கணக்கிட்டிருந்தால் விசைப்பலகைக்குச் சரியாகியிருக்கும். ஆனால் இழுக்கும்போது தெரியும் முன்னோட்டம் போய்விடும். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் 'வேல்யூ சேஞ்ச்டு' ஒன்றையே ஆதாரமாகக் கொண்டேன். அது வரும்போதெல்லாம் சின்னப் படத்தைக் காட்டி, 150 மில்லிவிநாடி டைமரைப் புதிதாகத் தொடங்குவது. கை ஓய்ந்து டைமர் முடிந்தால் முழுக் கணக்கீடு, அதுவும் திரை உறையாதபடி பின்னணியில் ஓடும் தனி இழையில். மதிப்பு எந்த வழியாக மாறினாலும் முடிவு ஒன்றே.

இதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. அடுத்த நோயாளியின் படத்தைத் திறக்கும்போது நிரலே ஸ்லைடரின் மதிப்பை மாற்றுகிறது. க்யூட்டியில் அதற்கும் இதே சிக்னல்தான். பயனர் எதையும் தொடாமலே 'செயல்தவிர்' (undo) பட்டியலில் ஒரு பதிவு ஏறியது. விண்டோஸின் சொந்த ஸ்லைடரான டிராக்பாரில் நிரல் வழியே நிலையை மாற்றினால், அதை வைத்திருக்கும் தாய்ச் சாளரத்துக்கு வழக்கமாகச் செய்தி போகாது. அந்தப் பழக்கத்தில் இருந்த எனக்கு இது பிடிபடவே அரை நாள் ஆனது. மதிப்பைப் பொருத்தும் அந்த வரிகளைச் சுற்றி, சிக்னலைத் தற்காலிகமாகத் தடுக்கும் 'சிக்னல் பிளாக்கர்' வைத்தேன்.

திருத்திய பதிப்பை அனுப்புவதற்கு முன்பு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் விசைப்பலகையால் மட்டும் அந்த மென்பொருளை இயக்கிப் பார்த்தேன். வேறு இரண்டு ஸ்லைடர்களிலும் அதே பிழை இருந்தது.