குமரி மாவட்டத்தில் என் முதல் டிரையத்லான்: வளைந்த கியரும் தாமரைக் குளமும்

முதலில் பஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் கோபம் ஆறவில்லை. மதுரையிலிருந்து வெள்ளி ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு தனியார் பஸ், டிக்கெட் 650 ரூபாய். சைக்கிளைப் பார்த்ததும் கிளீனர் தனியாக 500 கேட்டார். ரசீது கிடையாது, பேரமும் கிடையாது, இஷ்டம் இருந்தால் ஏற்று என்கிற தோரணை. மேலே எதையும் வைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். விடியற்காலை நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் டிக்கியைத் திறந்தால் சைக்கிள் மேல் இரண்டு மூட்டை. பின் கியர் உள்பக்கமாக வளைந்து, சக்கரத்தைச் சுற்றினால் கம்பியில் உரசுகிறது. மறுநாள் காலை ஆறேகாலுக்கு டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி. எனக்கு 48 வயது, இரண்டு வருஷமாக இந்த ஒரு நாளுக்குத்தான் பயிற்சி எடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று அழாத குறை.

சைக்கிளை உருட்டிக்கொண்டே கோட்டாறு வரை நடந்தேன். லாட்ஜில் 900 ரூபாய்க்கு ரூம், சுத்தமாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைக்கிள் கடை திறந்தது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கியர் சைக்கிளை இவரிடம் கொடுப்பதா என்று முதலில் தயங்கினேன், தயங்கியது தப்பு. பின் கியரைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் சின்னத் தகட்டின் மரையில் வேறொரு பழைய சக்கரத்தின் அச்சைத் திருகி, அந்தச் சக்கரமும் என் சக்கரமும் எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் நிற்கும்வரை மெதுவாக வளைத்து நிமிர்த்தினார். ஹேங்கர் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தகட்டைக் காட்டி, "இது வளையத்தான் செய்யும் மக்கா, இது வளையலேன்னா பிரேம் வளைஞ்சிரும்" என்றார். அதுதான் உண்மை, அடி வாங்குவதற்காகவே அதை மெல்லிசாகச் செய்கிறார்கள். 80 ரூபாய் கேட்டார். நூறைக் கொடுத்தேன், இருபதைத் திருப்பிக் கையில் வைத்தார்.

சரி, போட்டிக்கு வருகிறேன். ஸ்பிரிண்ட் டிரையத்லான் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், இடையில் கடிகாரம் நிற்காது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்த்தார்களே, அந்தத் தூரத்தில் சரிபாதி. நுழைவுக் கட்டணம் 2,500 ரூபாய், அதைக் கட்டவே வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. லட்ச ரூபாய் சைக்கிள் இல்லாமல் இதற்கெல்லாம் போகக் கூடாது என்று சொல்பவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். என்னுடையது 18,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய சைக்கிள்.

நீச்சல் கடலில் என்றுதான் அறிவித்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயற்காற்று கிளப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் சத்தமில்லாமல் வந்து கரையேறும், கள்ளன் வருகிற மாதிரி. ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கடற்கரைக்கு இது பழக்கம்தான், ஆனால் வெளியூர்க்காரர்கள் வானம் தெளிவாக இருக்கிறதே என்று இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் சுசீந்திரம் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு குளத்துக்கு நீச்சலை மாற்றினார்கள். கடைசி நேர மாற்றத்துக்குச் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு ஏற்பாட்டாளர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

நான் நீச்சல் கற்றதே 46 வயதில், அதுவும் தரை தெரிகிற நீச்சல் குளத்தில். இந்தக் குளத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர், மூன்று சுற்று. முதல் சுற்றில் யாரோ ஒருவரின் குதிகால் என் கண்ணாடியில் இடித்தது, அது முடிந்து மூச்சு வாங்குவதற்குள் கால் தாமரைக் கொடியில் மாட்டியது. பாம்பு என்றே நினைத்தேன். நெஞ்சு படபடத்து, மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அப்படிச் செய்தால் எவ்வளவு இழுத்தாலும் காற்று போதாது. வள்ளத்தில் காவலுக்கு நின்ற பையன் இதைப் பார்த்துவிட்டான். "அண்ணே, மல்லாந்து கிடங்க, அவசரமில்ல. அப்புறமா வலப்பக்கமா வாங்க, அங்க கொடி இல்ல" என்று சத்தமாக, ஆனால் நிதானமாகச் சொன்னான். மல்லாந்தேன். மேலே வானம், ஓரத்தில் தென்னை மட்டைகள், எங்கோ கோயில் மைக்கில் பாட்டு. பத்துப் பதினைந்து மூச்சு நன்றாக வெளியே விட்டேன். அப்புறம் இரண்டு கை வீச்சுக்கு ஒரு தடவை தலை தூக்கி மிதவையைப் பார்த்து, பார்த்து, மூன்று சுற்றையும் முடித்துக் கரையேறியபோது 24 நிமிஷம். அந்தப் பையன் வள்ளத்திலிருந்து கை தட்டினான். இந்தப் பயணத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது அந்தக் கைதட்டல்.

ஈரக் காலோடு ஓடிவந்ததும் சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் ஹெல்மெட் வாரை மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. கை நடுக்கத்தில் அந்த வாரை மாட்டவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. இதைத் தயவுசெய்து வீட்டில் பழகிவிட்டு வாருங்கள்.

சைக்கிள் பாதை தேரூர் வழியாக மயிலாடிப் பக்கம் போய்த் திரும்புவது. என்ன பாதை அது! இரண்டு பக்கமும் வயல், தேரூர்க் குளத்தில் கொக்கும் நாரையும், தூரத்தில் மருந்துவாழ்மலை. தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர், சின்ன வயதில் அவர் பாட்டைப் படித்து வளர்ந்தவன் நான், அந்தத் தெருவழியே மூச்சிரைக்க மிதித்துப் போனதில் தனிச் சந்தோஷம். மயிலாடி கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர், அந்தக் காலை நேரத்திலும் எங்கோ உளிச் சத்தம் கேட்டது. கியர் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. 46 நிமிஷம்.

ஓட்டம் கொடுமை. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் நம்முடையதாகவே இருக்காது, தொடையெல்லாம் மரக்கட்டை. அதற்காகத்தான் வாரம் ஒரு நாள் சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு ஓடிப் பழகச் சொல்கிறார்கள். நான் பழகியிருந்தும் முதல் ஒரு கிலோமீட்டர் தடுமாற்றம்தான். மணி ஏழரையைத் தாண்டிவிட்டது, மே மாத வெயில், குமரியின் புழுக்கம் வேறு, வியர்வை காயவே இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோர் தலையிலும் தண்ணீர் பீய்ச்சினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த திருப்பத்தில் மட்டிப்பழம் கொடுத்தார்கள். விரல் நீளம், மெல்லிய தோல், அந்த வாசனை! இந்த ஊரில் குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழமாம். புவிசார் குறியீடு வாங்கிய பழம், அந்த நிமிஷத்தில் அதற்கு எந்த விருது கொடுத்தாலும் தகும். இரண்டு தின்றேன், மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். 36 நிமிஷம். உடை மாற்றி, ஷூ மாட்டிய நேரமெல்லாம் சேர்த்து மொத்தம் 1 மணி 52 நிமிஷம். கடைசிக் கோட்டில் மனைவிக்குப் போன் போட்டேன், பேச்சே வரவில்லை.

மத்தியானம் நாகர்கோவிலில் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடை. மரச்சீனிக்கிழங்கு மயக்கியதும் (மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்தது), தேங்காய் அரைத்து விட்ட சாளை மீன் குழம்பும், பொரித்த நெத்திலியும். 120 ரூபாய்! குழம்பை இன்னும் இரண்டு தடவை கேட்டேன், முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். மதுரையில் இந்தக் காசுக்கு இப்படி ஒரு மீன் சாப்பாடு எனக்குக் கிடைத்ததே இல்லை. போட்டி ஏற்பாட்டாளர்கள் கொடுத்த பொட்டலத்து உப்புமாவை அதோடு ஒப்பிடக்கூட முடியாது, 2,500 வாங்கிக்கொண்டு ஆறிப்போன உப்புமா கொடுப்பது நியாயமே இல்லை.

சாயங்காலம் சைக்கிள் கடைக்குப் போனேன். பெரியவர் மெடலை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நான் கேட்காமலேயே இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பிரேமோடு சேர்த்துப் பழைய டியூபால் கட்டி, சாக்கில் சுற்றினார். "கியர் பக்கம் மேல இருக்கட்டு, நீயே உள்ள வை, அவன் கையில கொடுக்காத" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். ராத்திரி வேறு பஸ், மூட்டைக்கு 300 கேட்டார்கள், நானே டிக்கிக்குள் குனிந்து வைத்தேன்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கேயே சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். கியர் நேராக இருந்தது.