நாலு கட்டம், மிச்சம் நாளைக்கு

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒருநாள் பேப்பரின் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. தமிழ்ப் பேப்பர் ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்த சித்திரக்கதையை யாரோ பிளேட்டால் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அன்றைய கதை போச்சே என்று அழுகை வந்தது. பின்பக்கத்தில் இருந்தது மரண அறிவித்தல். பின்னேரம் வந்த அப்பு ஒருவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி, "ஆரடா வெட்டினது? ஆள் செத்திட்டார் எண்டு கிடக்கு, எந்த ஊர் எண்டு தெரியேல்லையே" என்று சத்தம் போட்டார். வெட்டிய ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் ஏன் வெட்டினார் என்று நன்றாக விளங்குகிறது, ஏனென்றால் வீட்டுப் பேப்பரில் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

கொழும்பில் வேலை செய்த சித்தப்பா ஊருக்கு வரும்போது ஆங்கிலப் பேப்பர்க் கட்டு ஒன்றும் கொண்டுவருவார். அதில் ஃபாண்டம் என்ற சித்திரக்கதையின் முகமூடி வீரர், நாங்கள் வேதாளர் என்று சொல்கிறவர், வருவார். வெட்டி, கோதுமை மாப் பசை காய்ச்சி, பழைய கொப்பியில் ஒட்டுவேன். சித்தப்பா வராத கிழமைகளும் சண்டையால் பாதை பூட்டிய மாதங்களும் அந்தக் கொப்பியில் வெறும் இடமாகவே இருக்கின்றன. பிறகு கிடைக்கும் என்று நம்பி இடம் விட்டு ஒட்டியிருக்கிறேன்.

இப்படி விட்டு விட்டு வாசித்ததால்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தொடர்கதையாகப் போகும் துண்டுகளில் முதல் கட்டம் பெரும்பாலும் நேற்று நடந்ததைத் திருப்பிச் சொல்லும். யாராவது ஒருவர் தேவையில்லாமல், "அந்தக் குகைக்குள்தானே அவர்களை அடைத்து வைத்தோம்" என்பதுபோல் பேசுவார். அதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் படிக்கிறவர்களுக்கு அது எரிச்சல், அலுப்பு. நேற்றைய பேப்பர் கைக்கு வராத ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு கட்டம் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத்தான் தெரியும். லீ ஃபால்க் 1936 பெப்ரவரியில் வேதாளரைத் தொடங்கினார். 1939இல் ஞாயிறுப் பக்கமும் வந்தது, அதில் கிழமை நாள் கதைக்குச் சம்பந்தமில்லாத வேறு கதை. இது தெரியாமல் இரண்டையும் ஒரே வரிசையில் ஒட்டிவிட்டு, இந்த மனுசன் எப்படி ஒரே இரவில் கடலிலிருந்து காட்டுக்கு வந்தார் என்று மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறேன். வேதாளரின் உடுப்பு ஊதா நிறம் என்றும் பிந்தித்தான் அறிந்தேன். ஃபால்க் மனதில் இருந்தது சாம்பல் நிறமாம், ஞாயிறுப் பக்கத்தை நிறத்தில் அச்சடித்தபோது ஊதாவாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் பார்த்த எனக்கு அவர் எப்போதும் சாம்பல்தான்!

சார்ல்ஸ் ஷூல்ஸ் வரைந்த பீநட்ஸ் என்ற ஆங்கிலச் சித்திரத் தொடர் வேறு சாதி. கதை ஓடவேண்டும் என்ற அவசரமே இல்லை. ஆரம்பத்தில் நாலு கட்டமும் ஒரே அளவு, ஏனென்றால் பேப்பர்காரர் இடத்துக்குத் தக்கபடி நீளமாகவும் போடலாம், மேலிருந்து கீழாகவும் போடலாம், இரண்டிரண்டாக அடுக்கியும் போடலாம். இடத்தை மிச்சம் பிடிக்கிற சரக்கு என்றுதான் அதை விற்றார்கள். அந்தச் சின்னப் பெட்டிகளுக்குள் இருந்துகொண்டு ஒரு மனிதர் 1950 ஒக்டோபரிலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது வருசம், 17,897 துண்டுகள், உதவியாள் வைக்காமல் தன் கையாலேயே வரைந்திருக்கிறார். கடைசி ஞாயிறுத் துண்டு 2000 பெப்ரவரி 13இல் வெளிவந்தது. முதல் நாள் இரவுதான் அவர் இறந்தார். இதை எத்தனை தரம் நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். எங்களுக்குச் சவாரித்தம்பர் என்ற சித்திரப் பாத்திரம் இருந்தார். கரவெட்டிக்காரரான சுந்தர், அதாவது சிவஞானசுந்தரம், பம்பாய்க்குப் போய்ப் படித்துவிட்டு வந்து வரைந்த ஆள். தினகரன் பேப்பரில் வந்த தம்பர் பிறகு சுந்தர் 1960களில் கொழும்பில் தொடங்கிய சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழிலும் வந்தார், சிரித்திரனும் பின்னாளில் யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தது. பேரிலேயே மாட்டுவண்டிச் சவாரி இருக்கிறது பாருங்கள், அந்தப் பேரை வேறு எந்த ஊரிலும் வைக்க முடியாது. சின்னக்குட்டி, மைனர் மச்சான், டாமோடிரன் தம்பதி என்று ஒரு ஊரே அவருடைய பேனைக்குள் இருந்தது. டாமோடிரன் என்ற பேரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே அந்த ஆளின் நடையும் உடுப்பும் தெரியும். எனக்குப் பெரிய விஷயம் அவர்கள் கதைக்கிற தமிழ். வேதாளர் எந்த மொழியில் பேசினாலும் எனக்கு அந்நியர்தான், தம்பர் வாய் திறந்தால் எங்கள் ஒழுங்கையில் யாரோ கதைக்கிறமாதிரி இருக்கும். சுந்தர் 1996இல் மறைந்தார்.

இப்போது நான் வாங்கும் பேப்பரில் அரசியல் கருத்துப்படம் ஒன்று இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் கருத்துப்படம் அன்றைய செய்தியோடு முடிந்துபோகும். நாளைக்கும் அதே மூஞ்சியோடு வந்து நிற்கிற ஒரு ஆள் வேண்டும், அவருக்கு ஒரு மனுசி வேண்டும், பக்கத்து வேலியில் ஒரு சண்டை வேண்டும். கீறக்கூடிய பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள், கைபேசியிலேயே கீறுகிறார்கள். அவர்களுக்குத் தினமும் நாலு கட்டம் இடம் கொடுக்க ஒரு பேப்பருக்கும் மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய சிரித்திரன் இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. ஒரே மூச்சில் பத்து இதழ் பார்த்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அப்புறம் நாளைக்கு ஒரு பக்கம், காலைத் தேத்தண்ணியோடு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

போன மாதம் தங்கச்சியின் மகள் வந்து நின்றபோது அந்தப் பழைய கொப்பியை எடுத்து, ஒரு நாள் துண்டை மட்டும் காட்டி மூடிவிட்டேன்.

"மிச்சம் எங்கை மாமா?"

"நாளைக்கு."

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு, பல்லுக்கூடத் தீட்டாமல், என் அறை வாசலில் வந்து நின்றாள். வெறும் இடம் வருகிற பக்கத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்குள் அந்த இடத்துக்கு என்ன கீறுவதென்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.