போலி ஐ.எஸ்.ஐ. குக்கருக்குப் பணம் திரும்ப வாங்கிய கதை

அம்மாவுக்கு ஆன்லைனில் வாங்கிய குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. ஆனால் கேஸ்கெட் மாற்றிய பிறகும் கைப்பிடிப் பக்கமாக ஆவி சீறிக்கொண்டே இருந்தது. பெரம்பூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் பாத்திரக்கடை அண்ணனிடம் காட்டினேன். "முத்திரைக்குக் கீழ உள்ள நம்பரைப் போட்டுப் பாருங்க தம்பி" என்றார்.

முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347, அது பிரஷர் குக்கருக்கான தர எண். கீழே இருப்பது சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். இந்த முத்திரைக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். எங்கள் குக்கருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. 2021 முதல் இந்த முத்திரை இல்லாமல் வீட்டுக் குக்கர் விற்கவே கூடாது. அடுப்படியில் அம்மா பக்கத்திலேயே நின்று சமைத்த பாத்திரம் அது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

குக்கரை வாங்கிய ஆன்லைன் தளத்தின் வாடிக்கையாளர் சேவையில், "ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது, விற்றவரைக் கேளுங்கள், நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம்" என்றார்கள். இந்தப் பதிலை ஏற்கவே கூடாது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரியையும் தர வேண்டும். 2022-இல் தரமுத்திரை இல்லாத குக்கர்களை விற்க விட்ட பெரிய தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது.

இதையெல்லாம் குறிப்பிட்டு, பில், முத்திரையின் படம், செயலியின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைத்து அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். புகார் எண்ணோடு ஒரு பொத்தாம்பொதுவான பதில் வந்தது. அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசிப் பதிவுசெய்ய முடிந்தது. தளத்தின் குரல் அதன் பிறகுதான் மாறியது. முழுப் பணமும் வந்தது.

பணம் வந்தாலும் அதே குக்கர் விற்பனையில்தான் இருந்தது. எத்தனை வீட்டு அடுப்பில் ஏறுமோ! பி.ஐ.எஸ். கேரிலேயே போலி முத்திரை பற்றிப் புகார் செய்தேன். இப்போது தளத்தில் அந்தக் குக்கரின் விற்பனைப் பக்கம் இல்லை.

பணம் வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதனால் பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெட்டியோடும் பில்லோடும் வைத்திருங்கள்.