ஊறின பாட்டு, உடனே வந்த பாட்டு: ஒரு ரேடியோஹெட் நாட்குறிப்பு

நவம்பர் 2, 2025, ஞாயிறு

இன்று ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். ரேடியோஹெட் இசைக்குழுவின் பாடகர் தாம் யார்க்கும், அவர்களுடைய ஆல்பங்களுக்கு உறை வரையும் ஸ்டான்லி டான்வுட்டும் வரைந்தவற்றை ஆகஸ்டிலிருந்து வைத்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலேயே இருந்துகொண்டு மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டுவிட்டேன். ‘கிட் ஏ’ ஆல்பத்தின் உறையில் உள்ள பனிமலைகளைக் கையகல அட்டையில்தான் இவ்வளவு காலம் பார்த்திருக்கிறேன். சுவரளவு திரைச்சீலையில் கத்தியால் சீவியதுபோல் வண்ணம் தடித்துக் கிடப்பதைக் கண்டதும் கால் நகரவில்லை. பாட்டு எழுதிய குறிப்பேடுகளும் கண்ணாடிக்குள் இருந்தன. அடித்து, திருத்தி, மறுபடி அடித்த வரிகள்.

கூட வந்தவர்கள் மூன்று பேர். ஆய்வகத்தில் எங்கள் மூத்த டெக்னீஷியன். ஐம்பதைத் தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். போன வருஷம் போர்ச்சுகலிலிருந்து வந்து சேர்ந்த பெண். என் வீட்டு மாடியில் குடியிருக்கும், லண்டன் ஹாரோ பகுதித் தம்பி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பிள்ளை. வெளியே வந்து காப்பி குடிக்கும்போதே ரேடியோஹெட் பாட்டுகளில் எது சிறந்தது என்று ஆரம்பித்துவிட்டது. வாய்ச்சண்டையில் யாரும் தோற்பதில்லை, எழுதிப் போடுவோம் என்று முடிவானது. ஆளுக்கு இருபது பாட்டு. முதல் இடத்துக்கு 20 மதிப்பெண், கடைசிக்கு 1. நால்வரின் கணக்கையும் கூட்ட வேண்டும். 21ஆம் தேதி லண்டன் ஓ2 அரங்கில் அவர்களுடைய முதல் நாள் கச்சேரி. அன்றைக்குப் பட்டியலைப் பிரிப்பது. டிக்கெட்டுக்கு நாங்கள் நால்வரும் பதிவு செய்திருந்தோம், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதனால் அன்று இங்கே ஜெரிக்கோ டேவர்ன் என்ற மதுக்கூடத்தில் கூடுகிறோம். ‘ஆன் எ ஃப்ரைடே’ என்ற பெயரோடு அந்தப் பையன்கள் முதன்முதலில் மேடையேறிய இடம் அதுதான்.

நவம்பர் 5, புதன்

நேற்று இரவு மாட்ரிட். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் கச்சேரி, அரங்கின் நடுவில் வட்ட மேடை. தொடங்கியது ‘லெட் டவுன்’ பாட்டில்! காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது போர்ச்சுகல்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுடைய முதலிடம் அதுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது இடம்பெற்ற ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் 1997இல் வந்தபோது அந்தப் பாட்டை யாரும் தலையில் தூக்கிவைக்கவில்லை, எங்களுக்கெல்லாம் ‘பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்’தான், இப்போது டிக்டாக் பிள்ளைகள் பிடித்துக்கொண்டதால் மேலே வந்துவிட்டது என்றார். ஆகஸ்டில் அது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலுக்குள் நுழைந்தது உண்மை. வெளிவந்து 28 வருஷம் கழித்து.

எனக்குக் கோபமே வந்தது. ஒரு பாட்டை எந்த வாசல் வழியாகக் கேட்டால் என்ன? நான் கேட்டதே கல்லூரி விடுதியில் யாரோ பதிந்து கொடுத்த குறுந்தகட்டில். அந்தப் பெண் பாட்டின் முப்பது விநாடியோடு நிற்கவில்லை. முழு ஆல்பத்தையும் கேட்டு, பாத் நகருக்குப் பக்கத்தில் செயின்ட் கேதரின்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகையின் நடனக் கூடத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு அதைப் பதிவு செய்தார்கள் என்பது வரை தேடிப் படித்திருக்கிறாள். கடைசிப் பகுதியில் யார்க்கின் குரல் இரண்டாகப் பிரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்கும்போது அந்த மூன்று மணி அமைதி காதில் விழுகிறது என்றாள். பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தேநீர் போடப் போய்விட்டார்.

நவம்பர் 8, சனி

என் பக்கத்து வாதத்தை இன்று எழுதியே ஆகவேண்டும்.

மற்ற இசைக்குழுக்களைவிட இவர்களை நான் அதிகம் நேசிக்கக் காரணம், பொறுமை. ஒரு நல்ல பாட்டு கையில் இருக்கும். ரசிகர்கள் அதைக் கச்சேரியில் கேட்டு மனப்பாடமே செய்திருப்பார்கள். அப்படியும் அதற்கேற்ற உடம்பு கிடைக்கும்வரை வெளியிட மாட்டார்கள். மாவு புளிக்கட்டும் என்று மூடி வைப்பதுபோல.

‘நியூட்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘ஓகே கம்ப்யூட்டர்’ காலத்திலேயே எழுதியது. அப்போது ஹேமண்ட் ஆர்கனோடு, நேராக, கொஞ்சம் தட்டையாக இருந்தது. பத்து வருஷம் கிடந்தது. அப்புறம் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் காலின் கிரீன்வுட் புதிதாக ஒரு பேஸ் வரி போட்டார். பாட்டு அதுவரை நடந்துகொண்டிருந்தது, அன்றைக்கு மிதக்கத் தொடங்கியது. 2007 அக்டோபர் 10இல் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தில் வந்தது, விருப்பப்பட்ட விலை கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்களே அந்த ஆல்பம். ‘நியூட்’ கேட்கும் யாரும் யார்க்கின் உச்சஸ்தாயியைத்தான் பேசுகிறார்கள். தயவுசெய்து ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். குரல் சாயும் இடத்திலெல்லாம் அது கை கொடுத்துத் தாங்குகிறது.

‘பர்ன் தி விட்ச்’ பாட்டும் அப்படித்தான். ‘கிட் ஏ’ பதிவுகளின்போது முளைத்தது, 2016இல்தான் வெளியே வந்தது.

ஊறின பாட்டுக்கு உடனே வந்த பாட்டு ஈடாகாது என்பது என் கட்சி. சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னதும் தம்பி கேட்டான்: “அக்கா, அப்ப ‘லிஃப்ட்’டுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

‘லிஃப்ட்’ பாட்டை இன்று ஏழெட்டுத் தடவை கேட்டேன். 1996இல் அலானிஸ் மோரிசெட்டுக்கு முன்வரிசைக் குழுவாக அமெரிக்காவில் வாசித்தபோது கூட்டம் எழுந்து ஆடியதாம். இது பெரிய வெற்றிப்பாட்டு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. கடைசியில் 2017இல், ‘ஓகே கம்ப்யூட்டர்’ இருபதாம் ஆண்டுப் பதிப்பில் பழைய பதிவையே வெளியிட்டார்கள். அது அப்போதே வந்திருந்தால் நாங்கள் வேறு எங்கோ போயிருப்போம், அது எங்களைக் கொன்றிருக்கும் என்ற பொருளில் குழுவின் கிதார்காரர் எட் ஓ’ப்ரையன் பேசியிருக்கிறார்.

தம்பி கேட்டது சரிதான். இந்தப் பாட்டு ஊறவில்லை. ஒளித்து வைக்கப்பட்டது. இருபது வருஷம் கழித்துத் திறந்தபோதும் அதே 1996 இளைஞன்தான் உள்ளே இருந்தான். எனக்கு அவனையும் பிடிக்கிறது. ஆனால் காத்திருந்தால் எல்லாம் பழுத்துவிடும் என்று நான் சொன்னது தவறு. காத்திருக்கும்போது வேலை நடந்திருக்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

வேலை அதிகம். பெரியவர் இன்று, அவர்களைப் பிரபலமாக்கிய ‘க்ரீப்’ பாட்டின் கதையைச் சொன்னார். பாட்டை ஒத்திகைபோல வாசித்துக் காட்டியபோது யார்க் இது எங்கள் ஸ்காட் வாக்கர் பாட்டு என்று அந்தப் பழைய பாடகரின் பாணியைக் குறித்துச் சொல்ல, தயாரிப்பாளர்கள் வேறு யாருடைய பாட்டையோ பாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு ஒரே வீச்சில் பதிவானது. 1992இல் முதலில் வந்தபோது பிரிட்டனில் யாரும் சீண்டவில்லை. இஸ்ரேல் வானொலி பிடித்துக்கொண்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பல்லவிக்கு முன்னால் ஜானி கிரீன்வுட் கிதாரை வெட்டுவதுபோல் அறையும் சத்தம், அமைதியாகப் போகும் பாட்டு பிடிக்காமல் அதைக் கெடுக்கப் பார்த்ததில் வந்தது. அந்த வெட்டு இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்கவே முடியாது.

“அப்படியானால் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?” என்றேன்.

“இல்லை. அதைத் தாண்டி வருவதற்கு அவர்களுக்கே எத்தனை வருஷம் ஆயிற்று. நான் எதற்குத் திரும்ப இழுக்க வேண்டும்?” என்றார்.

நவம்பர் 15, சனி

இன்று மதியம் முழுக்க நானும் தம்பியும் ‘பிரமிட் சாங்’ பாட்டின் தாளத்தில் உட்கார்ந்துவிட்டோம். 2001இல் வந்த நாளிலிருந்து ரசிகர்கள் சண்டை போடும் விஷயம் இது. பியானோ எங்கே தொடங்குகிறது, எங்கே விழுகிறது என்றே முதலில் பிடிபடாது.

திருச்சியில் சின்ன வயதில் நான்கு வருஷம் மிருதங்கம் கற்றேன். மேற்கொண்டு போகவில்லை என்றாலும் விரல் மறக்கவில்லை. பியானோ விழும் இடங்களைத் தொடையில் தட்டிப் பார்த்தேன். தகிட, தகிட, தகதிமி, தகிட, தகிட. மூன்று, மூன்று, நான்கு, மூன்று, மூன்று. கூட்டினால் பதினாறு! இரண்டு ஆவர்த்தனம் ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் சொல்லி வைத்ததுபோல் முடிவில் வந்து உட்காருகிறது. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒரே வரிசை. மாலைமாற்று. காதலர்களும் தேவதைகளும் கூடவர ஆற்றில் மிதந்து போவதைப் பற்றிய பாட்டுக்கு, எந்தப் பக்கமிருந்து போனாலும் அதே கரையில் சேர்க்கும் தாளம். பாதி தூரம் வரை டிரம்ஸே கிடையாது. ஃபில் செல்வே நுழையும்போதுதான் தரை எங்கே இருந்தது என்று காட்டுகிறார்.

இதைச் சொல்லிக் காட்டியதும் தம்பி எழுந்து நின்றுவிட்டான். “அக்கா, இன்னொருக்கா தட்டுங்கோ, நான் பதிஞ்சு வைக்கிறன்.”

‘ஃபிஃப்டீன் ஸ்டெப்’ ஐந்தில் போகிறது. தக தகிட என்று கண்ட சாபு போட்டால் போதும். ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ பத்து. இவையெல்லாம் விநோதக் கணக்கு என்று எழுதுகிறார்கள். நம் காதுக்கு அந்த ஐந்து அவ்வளவு அந்நியம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நடந்ததுதான் பெரிய சண்டை. ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ ஒரு பாட்டா, இரண்டா?

1995இல் பிரஸ்ஸல்ஸில் முதன்முதலில் பாடினார்கள். 2001இல் வந்த கச்சேரிப் பதிவில் யார்க் தனியாக கிதாரோடு பாடியது இருக்கிறது. இழுத்து அடிக்கும் கிதார், விட்டுப் போகாதே என்று கெஞ்சும் குரல், அந்தக் கெஞ்சலுக்குள் போகமாட்டாள் என்ற நம்பிக்கை. ஸ்டூடியோவில் பலமுறை முயன்றும் சரிவரவில்லை என்று தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச் சொல்லியிருக்கிறார். 2016இல் ‘ஏ மூன் ஷேப்ட் பூல்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வந்தது. கிதார் இல்லை. பியானோத் துளிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் சொட்டுகின்றன. வரிகள் அவையேதான். ஆனால் பாடுகிறவர் இருபத்து மூன்று வருஷ வாழ்க்கைத் துணையை அதற்கு முந்தின வருஷம் பிரிந்திருந்தார். இப்போது அந்தக் கெஞ்சலைக் கேட்க அறையில் ஆள் இல்லை.

“ரெண்டும் ரெண்டு பாட்டு, அக்கா. ஒண்டு எண்டு சொல்லாதேங்கோ. முதலாவதைக் கேட்டால் எழும்பி ஓடிப்போய் ஆரையாவது கட்டிப்பிடிக்க வேணும்போல இருக்கும். ரெண்டாவது முடிஞ்சால் கதைக்கவே ஏலாது” என்றான் தம்பி. போர்ச்சுகல்காரியும் அவன் பக்கம். அவள் கிதார் வடிவத்தை முதலில் கேட்கவே இல்லை, பியானோவில்தான் பழகினாள். பெரியவருக்கு நேர்மாறு. பதினைந்து வருஷம் கிதாரோடு கேட்டவருக்குப் பியானோ வந்த நாளில் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்ததாம்.

நான் ஒன்று என்றே நின்றேன். பிரித்துவிட்டால் நடுவில் கிடக்கும் இருபத்தோரு வருஷம் யாருடைய கணக்கில் போகும்? பியானோ வடிவம் அவ்வளவு வலிப்பதே, அந்த கிதார் அதற்குள் இல்லாமல் இருப்பதால்தான். பழையதைத் தெரியாமல் கேட்டாலும் அழகுதான். ஆனால் தெரிந்து கேட்பவர்களுக்கு, பாடாத கிதாரும் சேர்ந்து கேட்கிறது. ‘லிஃப்ட்’ வெறுமனே கிடந்தது. இது கிடந்த காலத்தில் பாடியவருக்கு வயதாகியிருக்கிறது. நான் வேலை என்று சொன்னது இதைத்தான்.

இரவு பதினொன்றுக்குப் பெரியவர் செய்தி அனுப்பினார்: “ஒரே பாட்டு.” அவ்வளவுதான். போர்ச்சுகல்காரியும் மனம் மாறினாள். தம்பி மட்டும் இறங்கி வரவில்லை, மூன்றுக்கு ஒன்றாகத் தீர்மானம் ஆனது.

நவம்பர் 20, வியாழன்

பட்டியலை எழுதி உறையில் ஒட்டிவிட்டேன். 20 மதிப்பெண்: ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’. 19: ‘நியூட்’. 18: ‘பிரமிட் சாங்’. 17: ‘லெட் டவுன்’. கடைசி ஐந்து இடங்களுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ‘ஐடியோடெக்’கை வெளியே விட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

நவம்பர் 22, சனி

நேற்று ஜெரிக்கோ டேவர்ன். லண்டனில் அவர்கள் மேடையேறும் நேரத்துக்கு நாங்கள் உறைகளைப் பிரித்தோம்.

‘லெட் டவுன்’ 69. ‘பிரமிட் சாங்’ 64. ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ 62. ‘பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ 60. போர்ச்சுகல்காரி கை தட்டியதில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அடுத்தபடியாக ‘லெட் டவுனு’க்கு அதிகம் கொடுத்தவர் யார் தெரியுமா? பெரியவர்! பதினெட்டு. மூன்று மணிக் கதையைக் கேட்ட இரவே வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாராம். தம்பி ‘பிரமிட் சாங்’குக்கு இருபதும் கொடுத்திருந்தான். ‘நியூட்’ எங்கோ கீழே போய்விட்டது. வருத்தம்தான்.

கூட்டி முடித்துத் தாளை மடிக்கும்போதுதான் பார்த்தேன். பெரியவரின் பட்டியலில் இருபதாவது இடத்தில் ‘க்ரீப்’. ஒரே ஒரு மதிப்பெண். மற்ற மூவரும் அதைத் தொடவே இல்லை.

கேட்டேன். 2001 ஜூலை 7ஆம் தேதி இதே ஊரில், சவுத் பார்க் கச்சேரியில் அவர் நின்றிருந்தார். நாற்பதாயிரம் பேர், மழை. கடைசிப் பாட்டுக்குப் போகும்போது கீபோர்டு கெட்டுவிட்டது. வேறு வழியில்லாமல், அவர்கள் வாசிப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டிருந்த ‘க்ரீப்’பைத் தொடங்கினார்கள். பெரியவரின் கூடப்பிறந்த தம்பி அன்று பக்கத்தில் இருந்தார். சட்டையெல்லாம் நனைந்து இருவரும் தொண்டை கிழியப் பாடியிருக்கிறார்கள். அந்தத் தம்பி இப்போது இல்லை.

“இருபதாவது இடம்தான் கொடுக்க முடிந்தது. ஆனால் பட்டியலில் அது இல்லாமல் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை” என்றார்.

தாளில் ‘க்ரீப் 1’ என்று நான் எழுதிச் சேர்த்தேன். பிறகு நால்வரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வால்டன் தெரு வழியாக நடந்தோம்.