எர்கோனமிஸ்ட் ஆக விரும்புகிறவர்களுக்கு: நான் படித்த விதமும் தேர்வு எழுதிய விதமும்

நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, கணினித் திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்வதுதான் எர்கோனமிஸ்ட்டின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் வேலைதான், ஆனால் ஒரு ஓரத்து வேலை. இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: எழுதிவைத்த முறைப்படி வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது ஒன்று, உண்மையில் அது எப்படி நடக்கிறது என்பது வேறு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்து, வேலையை மனிதருக்கு ஏற்றபடி மாற்றுபவர்தான் எர்கோனமிஸ்ட். நீங்கள் படிக்கப்போகும் பாடமும் போடப்போகும் கணக்கும் அந்தப் பார்வைக்குத் துணைதான்.

சர்வதேச எர்கோனமிக்ஸ் சங்கம் இத்துறையை மூன்றாகப் பிரிக்கிறது. உடல் சார்ந்தது: தூக்குவது, எட்டுவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. அறிவு சார்ந்தது: கவனம், நினைவு, முடிவெடுப்பது. அமைப்பு சார்ந்தது: ஷிப்ட், குழு, வேலைப் பங்கீடு. உடல் பகுதியோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் 1979இல் நடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தைத்தான் காட்டுவேன். அங்கே ஒரு வால்வுக்கான விளக்கு, வால்வை மூடும் மின்கட்டளை போனதுமே அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. வால்வு நிஜமாகவே மூடியதா என்பதை அது காட்டாது. வால்வு திறந்தே கிடக்க, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்திருந்ததால் மூடிவிட்டது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் நம்பினார்கள். கூடவே ஏராளமான அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறின. அந்த அறையில் யாருடைய முதுகும் வலிக்கவில்லை. ஆனாலும் அது முழுக்க முழுக்க நம் துறையின் பிரச்சினை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-17 விமானத்தின் கதையும் அப்படித்தான். தரையிறங்கிய பிறகு இறக்கை மடிப்புகளை உள்ளிழுப்பதற்குப் பதிலாக விமானிகள் சக்கரங்களை மடக்கிவிடுவார்கள். அல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. ஒன்றில் சக்கர வடிவத்தையும் மற்றதில் மடிப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். தொட்டாலே எது எது என்று தெரிந்துவிடும். விமானிகளுக்கு இன்னொரு பயிற்சி வகுப்பு எடுத்திருந்தால் இந்தத் தீர்வு வந்திருக்காது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நான் பிசியோதெரபி படித்துவிட்டு வந்தவன். தோள்பட்டை வலியோடு வருபவருக்குச் சிகிச்சை கொடுத்து அனுப்புவேன், கொஞ்ச நாளில் அதே தோளோடு திரும்பி வருவார். தோளைக் கெடுக்கும் வேலை அப்படியே இருக்கும்போது தோளை மட்டும் சரிசெய்து என்ன பயன் என்ற கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது. இயந்திரப் பொறியியல், உளவியல், தொழில்துறை வடிவமைப்பு படித்தவர்களும் நிறைய வருகிறார்கள். யார் வந்தாலும் ஏதோ ஒரு பக்கம் காலியாக இருக்கும். எனக்குப் புள்ளியியலும் அறிதல் உளவியலும். பொறியாளர்களுக்குப் பெரும்பாலும் உடற்கூறு. முதுநிலைப் படிப்பில் சேரும்போது, பழைய துறைக்கு நெருக்கமான தாளை விருப்பப் பாடமாக எடுத்து மதிப்பெண் வாங்கும் ஆசை வரும். தெரியாத பக்கத்து தாளை எடுங்கள். கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் தேர்விலும் வேலையிலும் கை கொடுப்பது அதுவே.

புள்ளியியலில் எல்லோரும் தடுமாறும் இடம் சராசரி. 1952இல் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் அமெரிக்க விமானப்படையினர் 4,063 பேரின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி வந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் நாம் சதமானத்தை வைத்து, அதாவது நூறு பேரைச் சிறியவரிலிருந்து பெரியவர் வரை வரிசையாக நிறுத்தினால் எத்தனையாவது இடம் என்பதை வைத்து, வடிவமைக்கிறோம். எட்ட வேண்டிய இடம் என்றால் கை நீளம் குறைந்தவரை மனதில் வைக்க வேண்டும், நுழைய வேண்டிய இடம் என்றால் பெரிய உடம்புக்காரரை. மாற்றியமைக்கக்கூடிய பொருள் என்றால் வழக்கமாக 5ஆவது சதமானப் பெண்ணிலிருந்து 95ஆவது சதமான ஆண் வரை. இதில் ஒரு பொறி உண்டு. கால், உடல், தலை என்று ஒவ்வொரு பகுதியின் 95ஆவது சதமானத்தையும் கூட்டினால் வருவது 95ஆவது சதமான உயரம் ஆகாது. அதைவிடக் கூடுதலாக வரும். எல்லாப் பகுதியும் ஒருசேரப் பெரிதாக இருப்பவர் அபூர்வம். இதைப் புரிந்துகொண்டால் அளவீட்டுப் பாடத்தில் பாதி முடிந்தது.

அடுத்தது பளு தூக்கும் சமன்பாடு. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1981இல் வெளியிட்டு 1991இல் திருத்தியது. எல்லாமே நல்லபடியாக இருந்தால் பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோ. தூரம், உயரம், உடல் திரும்பல், எத்தனை முறை தூக்குகிறோம், பிடி எப்படி என்று ஒவ்வொரு காரணியும் அதைக் குறைத்துக்கொண்டே வரும். மனப்பாடம் செய்யாதீர்கள், போட்டுப் பாருங்கள். 15 கிலோ பெட்டி, கணுக்கால்களின் நடுப்புள்ளியிலிருந்து 50 செ.மீ. தள்ளிக் கைகள் இருக்கின்றன, மற்றதெல்லாம் சாதகம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கான பெருக்கி 25-ஐ 50-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.5. பரிந்துரை எடை 11.5 கிலோவாக இறங்கிவிடும். 15-ஐ 11.5-ஆல் வகுத்தால் 1.3, இதுதான் தூக்கும் குறியீடு. ஒன்றைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று பொருள். இப்போது நடுவில் இருக்கும் மேசை விளிம்பை நீக்கி, பெட்டியை 30 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பரிந்துரை எடை 19 கிலோவைத் தாண்டும், குறியீடு 0.8க்குக் கீழே போய்விடும். பெட்டியும் அதே, ஆளும் அதே. இந்தக் கணக்கை நாலைந்து விதமாகப் போட்டுப் பார்த்தால் எந்தக் காரணியைத் தொட்டால் எவ்வளவு மாறும் என்பது விரல் நுனிக்கு வந்துவிடும்.

உடல் நிலையை மதிப்பிடும் ரூலா, ரீபா போன்ற மதிப்பெண் தாள்களும் பாடத்தில் உண்டு. 1993இல் வந்த ரூலா, கை, கழுத்து, முதுகு நிலையைப் பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் தரும். 7 என்றால் உடனே மாற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அந்தத் தாள் ஒரு கணத்து நிலையைத்தான் அளக்கிறது. எந்தக் கணத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

ஆகவே களம். படிக்கும் காலத்திலேயே எங்காவது அனுமதி வாங்கி, வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள். தொழிற்சாலைதான் வேண்டும் என்றில்லை. மருத்துவமனை மருந்தகம், நூலகம், சமையற்கூடம் எதுவானாலும் போதும். முதல் அரைமணி நேரம் உங்களைப் பார்த்து எல்லோரும் விதிப்படி வேலை செய்வார்கள். அப்புறம்தான் நிஜ வேலை தெரியும். பணியாளர்களே செய்துவைத்திருக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகளைத் தேடுங்கள்: கைப்பிடியில் சுற்றிய துணி, காலுக்கடியில் போட்ட அட்டை, பொத்தானுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதிய அம்புக்குறி. வடிவமைப்பு எங்கே தோற்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. “இது சரியா தப்பா” என்று கேட்காதீர்கள். “இதை இப்படிச் செய்தால் என்ன வசதி?” என்று கேளுங்கள், ஆள் மனம் திறந்து பேசுவார். வீடியோ எடுப்பதானால் அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள், மேலாளரிடம் வாங்கியது மட்டும் போதாது.

இனி சான்றிதழ். அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய தொழில்முறை எர்கோனமிக்ஸ் சான்றளிப்பு வாரியம், முதுநிலை அளவிலான படிப்பு, மூன்று ஆண்டு முழுநேர அனுபவம், தேர்வு மூன்றையும் கேட்கிறது. அனுபவம் நிரம்பாதவர்களுக்கு அசோசியேட் நிலை இருக்கிறது. பிரிட்டனில் 2014இல் அரச சாசனம் பெற்ற எர்கோனமிக்ஸ் நிறுவனம் பட்டயத் தகுதி தருகிறது, ஐரோப்பாவுக்குத் தனிப் பதிவு மையம் உண்டு. விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் கையேட்டைப் படியுங்கள்.

நான் எழுதியது அமெரிக்க வாரியத்தின் தேர்வு. விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, அதனால் எளிது என்று தோன்றும். சூழலைச் சொல்லி அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் கேள்விகளில் நாலு விடையும் நியாயமாகவே படும். அங்கே எனக்கு உதவியது இந்த வரிசை: ஆபத்தையே நீக்க முடியுமா, இல்லையென்றால் கருவியை அல்லது இடத்தை மாற்ற முடியுமா, அதுவும் முடியாவிட்டால் வேலைச் சுழற்சி, பயிற்சி. ஆனால் போதிய தகவல் இல்லாத கேள்வியில் தீர்வை நோக்கி ஓடக் கூடாது. பணிப் பகுப்பாய்வு (வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பது) என்ற விடை இருந்தால் ஒரு நிமிடம் அதில் நின்று யோசியுங்கள்.

தயாரிப்புக்கு வேறு துறையிலிருந்து வந்த ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னோடு படித்த பொறியாளருக்கு நான் தசைநாண்களைப் பற்றிச் சொல்ல, அவர் எனக்கு ஃபிட்ஸ் விதியையும் (குறியின் தூரத்தையும் அளவையும் பொறுத்து அதை எட்டும் நேரம் மாறும் என்பது) ஒலி அளவுக் கணக்கையும் விளக்கினார். ஒளி, ஒலி, வெப்பம் ஆகிய பாடங்களை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். அவற்றை நடுவிலேயே முடித்துவிடுவது நல்லது.

வேலை தேடும்போது எர்கோனமிஸ்ட் என்ற பெயரை மட்டும் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியர், பயனர் ஆய்வாளர், பணியிடப் பாதுகாப்பு அலுவலர் என்றெல்லாம் தேடுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு ஒரு சிறு திட்ட அறிக்கையும் கையில் இருக்கட்டும்: மாற்றுவதற்கு முன் வேலை எப்படி நடந்தது, நீங்கள் சொன்ன மாற்றம் என்ன, அதற்குப் பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தபோது என்ன நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது பகுதிதான் பெரும்பாலான அறிக்கைகளில் இருக்காது, என்னை நேர்காணல் செய்தவர்கள் அதைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள்.